கீழ்வீட்டில் கைக்குழந்தை

எங்கள் வீட்டு ஹாலில் பிறந்த விளையாட்டுக்குச் சறுக்குக்கூடை என்று பெயர். ஆளுக்கு இரண்டு பழைய பனியன் துணி, ஆளுக்கொரு முறம், சாக்ஸில் செய்த பந்து, அழுக்குத்துணி போடும் பிளாஸ்டிக் கூடை, அந்தக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார ஒரு பாட்டி. இவ்வளவுதான் சாமான். பனியன் துணிகளின் மேல் இரண்டு பாதங்களையும் ஊன்றிக்கொண்டு, காலைத் தூக்காமல், தரையோடு சறுக்கியே நகர வேண்டும். பந்தைக் கையால் தொடக்கூடாது. முறத்தில் ஏந்தி முறத்தால்தான் வீச வேண்டும். பாட்டி மடியில் இருக்கும் கூடைக்குள் விழுந்தால் ஒரு பாயின்ட். படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள், தொடை நடுங்கும், முதுகில் வேர்வை வழியும்.

இதன் விதி ஒவ்வொன்றும் எங்கள் வீட்டில் ஏதோ ஒன்று கூடாது என்பதால் வந்தது. குதிக்கக் கூடாது, ஏனென்றால் கீழ்வீட்டில் கைக்குழந்தை. பந்து உயரப் போகக் கூடாது, ஏனென்றால் ஃபேன். வேகமாகப் போகக் கூடாது, ஏனென்றால் டிவி, ஷோகேஸ் கண்ணாடி. பெரியவளே எப்போதும் ஜெயிக்கக் கூடாது, ஏனென்றால் சின்னவன் அழுவான். இத்தனை ‘கூடாது’களையும் வரிசையாகச் சுவரில் எழுதி ஒட்டினால், இந்த வீட்டில் விளையாடவே முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு இப்போது அந்தப் பட்டியலைப் பார்த்தால் பாதி விளையாட்டு தயாராகிவிட்ட மாதிரி தெரிகிறது.

சென்னையில் அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் டிசம்பர் வரைக்கும் விட்டு விட்டுப் பெய்யும். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்ததுமே பிள்ளைகளுக்கு ஒரே கேள்விதான்: நாளைக்கு கலெக்டர் லீவு விடுவாரா? விட்டுவிடுவார். தெருவில் தண்ணீர் நிற்கும், மொட்டை மாடி பாசி பிடித்து வழுக்கும். காலை பத்து மணிக்குள் பெரியவளான என் பெண்ணும், அடுத்த தெருவிலிருந்து வந்து சேரும் சின்னவனான என் தங்கை பையனும் சோபாவின் இரண்டு மூலைகளில் ஆளுக்கொரு திரையோடு சுருண்டிருப்பார்கள். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு 180 நிமிடம். அதில் 60 நிமிடம் நன்றாக ஓடியாடுவதாக இருக்க வேண்டுமாம். ஓட இடமிருக்கிற வீட்டில் இதை யாரும் அளந்து பார்க்க வேண்டியதில்லை. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில், ஜன்னலைக்கூடத் திறக்க முடியாத அடைமழை நாளில், அந்த 60 நிமிடத்துக்கு எங்கே போவது?

முதல் தடங்கல் கீழ்வீட்டுக் குழந்தை. பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை. மேலே நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்காது, ஆனால் ஒரு பிள்ளை சோபாவிலிருந்து குதித்தால் கேட்கும். காற்றில் போகும் சத்தத்தைச் சுவரும் கதவும் பெரும்பாலும் தடுத்துவிடும். குதிகால் தரையில் மோதும்போது கான்கிரீட் தளமே அதிர்கிறது; அந்த அதிர்வு தளத்தின் அடிப்பக்கம் வழியாகக் கீழ்வீட்டு அறைக்குள் சத்தமாக இறங்குகிறது. அதைத் தடுக்க இரண்டே வழி. மோதும் இடத்தில் மெத்தென்று ஏதாவது விரிக்க வேண்டும், அல்லது மோதலே இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோரைப்பாய் விரித்தால் பாய் நழுவுகிறது. மெத்தையைப் போட்டால் அது குதிக்கச் சொல்லி அழைப்பது போலாகிவிடுகிறது. “அப்போ காலைத் தூக்காமலே விளையாடணும்” என்றாள் என் பெண். சலிப்பில் சொன்னதுதான். சொன்ன கையோடு, வீடு துடைத்துவிட்டு மூலையில் போட்டிருந்த துணிமேல் ஏறி நின்று சர்ரென்று சமையலறை வாசல் வரை போய்விட்டாள். போனவளைப் பார்த்ததும் சின்னவன் தனக்கும் ஒரு துணி கேட்டான். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஐஸில் சறுக்கும் வேகப் பந்தய வீரர்கள் பனி இல்லாத காலத்தில் வழவழப்பான பலகைமேல், காலில் துணியுறை மாட்டிக்கொண்டு இப்படித்தான் பக்கவாட்டில் சறுக்கிப் பழகுகிறார்கள். ஏன் என்பது ஆடிப் பார்த்தால் புரிகிறது. காலைத் தூக்கி வைத்து நடக்கும்போது அதிகம் வேலை செய்யாத உள்தொடைத் தசைகள் எல்லாம் சறுக்கும்போது விழித்துக்கொள்கின்றன. முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி நின்றால்தான் நகரவே முடியும். நிமிர்ந்து நின்றால் துணி மட்டும் போகும், ஆள் போக மாட்டார்.

இப்படி முடியாதவற்றிலிருந்து ஒரு விளையாட்டு முளைத்த கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கூடைப்பந்தின் கதை. 1891 டிசம்பர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற இளம் ஆசிரியர். கனடாக்காரர். வெளியே பனிக்காலம். உள்ளே, உடற்பயிற்சிக் கூடத்தில், தினமும் அதே கையை நீட்டு காலை மடக்கு பயிற்சிகளால் அலுத்துப்போன 18 வாலிபர்கள். இவர்களுக்கு உள்ளேயே ஆடும்படி புது விளையாட்டு ஒன்றைக் கொண்டு வா என்று துறைத்தலைவர் லூதர் குலிக் நெய்ஸ்மித்துக்கு 14 நாள் தவணை கொடுத்தார்.

வெளியில் ஆடுகிற ஆட்டங்களையே கொஞ்சம் மாற்றி உள்ளே கொண்டுவரத்தான் நெய்ஸ்மித் முதலில் பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை. ஆளைப் பிடித்துத் தள்ளும் ஆட்டத்தில் மரத்தரையில் விழுந்தால் அடிபடும். காலால் உதைக்கிற ஆட்டமென்றால் ஜன்னலும் சாமானும் தாங்காது. அதன் பிறகு அவர் கேள்வியைத் திருப்பிக்கொண்டார். ஆளை ஏன் தள்ளுகிறார்கள்? பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறான், அதனால் தள்ளுகிறார்கள். அப்படியானால் பந்தோடு ஓடக் கூடாது. பந்தை ஏன் மூர்க்கமாக எறிகிறார்கள்? இலக்கு எதிரே நிமிர்ந்து நிற்கிறது, அதனால். அப்படியானால் இலக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்கவைத்துவிடலாம். பந்தை மெதுவாக வளைத்துப் போட்டால்தான் விழும். இந்த யோசனைக்குச் சிறுவயதில் கனடாவில் அவர் ஆடிய ஒரு கல்லெறி விளையாட்டு உதவியிருக்கிறது. பாறைமேல் வைத்த கல்லை வேறு கல்லால் வீழ்த்த வேண்டும். வேகமாக எறிகிறவனின் கல் எங்கோ போய் விழும். வளைத்து எறிகிறவனுக்குத்தான் குறி பலிக்கும்.

கட்டடப் பராமரிப்பாளரிடம் அவர் இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடை இரண்டு இருக்கிறது என்றார் அவர். கூடத்தைச் சுற்றி மேலே இருந்த பார்வையாளர் மாடத்தின் விளிம்பில் ஆணியடித்து மாட்டினார்கள். மாடம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் கூடைப்பந்து வளையத்தின் உயரம் அதே 10 அடிதான். ஏதாவது கணக்குப் போட்டு நிர்ணயித்த உயரம் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அந்த மாடத்தின் உயரம் அது! வகுப்பில் 18 பேர், அதனால் பக்கத்துக்கு 9 பேர். கையில் இருந்தது கால்பந்து, அதனால் கால்பந்து. 13 விதிகளைத் தட்டச்சு செய்யவைத்துப் பலகையில் ஒட்டினார். கூடைக்கு அடிப்பக்கம் உண்டு என்பதால் ஒவ்வொரு முறையும் யாராவது ஏறிப் பந்தை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. நெய்ஸ்மித் 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் அந்த விளையாட்டு ஆடப்படுவதைத் தன் கண்ணாலேயே பார்த்தார்.

அந்தப் பனிக்காலத்துக்கு அடுத்த வருடமே, 1892இல், பக்கத்து ஊரில் ஸ்மித் கல்லூரியில் பெண்களுக்கு உடற்பயிற்சி கற்றுத்தந்த செண்டா பெரன்சன் இதை எடுத்துக்கொண்டார். ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியை விட்டு வெளியே போகக் கூடாது என்று விதியை மாற்றினார். 1895இல் ஹோலியோக் என்ற ஊரில் வில்லியம் மார்கன், கூடைப்பந்தின் ஓட்டத்தைத் தாங்க முடியாத நடுத்தர வயதுக்காரர்களுக்காக டென்னிஸ் வலையை ஆள் உயரத்துக்கு மேல் கட்டி வாலிபாலை உண்டாக்கினார். இங்கிலாந்தில் இதே காலத்தில், இரவுச் சாப்பாடு முடிந்த மேசைமேல் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி வலையாக்கி, சுருட்டுப் பெட்டி மூடியை மட்டையாக்கி, பாட்டில் கார்க்கைப் பந்தாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். டேபிள் டென்னிஸின் ஆரம்பம் அது. நம்மூருக்கு இதில் ஒரு கிளை உண்டு. சென்னை நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி க்ரோ பக், அதே அமைப்பின் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்தவர். அந்த மைதானத்தைத் தாண்டிப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்குப் பீச் பழக்கூடை ஞாபகம் வரும்.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். சறுக்கிக்கொண்டு மட்டும் எவ்வளவு நேரம் இருப்பது? பந்து வேண்டும். ரப்பர் பந்து தரையில் தட்டினால் கீழே கேட்கும். காகிதத்தைக் கசக்கி ரப்பர் பேண்ட் போட்டால் லேசாக இருக்கிறது, ஆனால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அப்போதுதான் அத்தை, என் மாமியார், பேச்சில் நுழைந்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கம். “நாங்க ஸ்கூல்ல பூப்பந்து ஆடுவோம். கம்பளிப் பந்து. மூஞ்சில வந்து பட்டாலும் வலிக்காது” என்றார். பூப்பந்தாட்டம் தஞ்சாவூரில் பிறந்தது என்பதில் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கெல்லாம் ஒரு பெருமை உண்டு. அந்த மஞ்சள் கம்பளிப் பந்தின் எடை 30 கிராமைத் தாண்டாது, விட்டம் ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அத்தை ஜோடி தொலைந்த ஸ்கூல் சாக்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கினார். ஒரு பக்கத் தினத்தாளைக் கசக்கி விரல் நுனிப்பகுதியில் திணித்தார். சாக்ஸை அங்கேயே ஒரு முறுக்கு முறுக்கி, மிச்சத்தை அதன்மேலேயே திருப்பினார். மறுபடி முறுக்கு, மறுபடி திருப்பு. கடைசியில் எலாஸ்டிக் வாய் வந்து பந்தை இறுகக் கவ்விக்கொண்டது. ஊசி நூல் எதுவும் இல்லை. ஆரஞ்சுப் பழ அளவுக்கு, கையில் கனம் தெரிகிற, ஆனால் கண்ணாடியில் பட்டால் ‘தொப்’பென்று விழுந்துவிடுகிற பந்து. உள்ளே காகிதம் இல்லாமல் சாக்ஸை மட்டும் சுருட்டினால் சவசவவென்று பறக்காது. காகிதம் அதிகமானால் கட்டியாகிவிடும். ஒரு பக்கம் என்பதுதான் கணக்கு.

முறமும் அத்தையின் யோசனைதான். ஃபேன் பயம் அதில் தீர்ந்தது. கையால் எறிந்தால் பிள்ளைகள் தோளைச் சுழற்றித்தான் எறிவார்கள். முறத்திலிருந்து அப்படி எறிய முடியாது. மூன்று பக்கம் விளிம்பு, முன்பக்கம் திறந்த வாய். கொஞ்சம் முன்னால் சாய்த்தாலும் பந்து உருண்டு விழுந்துவிடும். அரிசி புடைக்கிற மாதிரி, முறத்தை லேசாக மேலே உதறி, அதே மூச்சில் முன்னுக்குத் தள்ள வேண்டும். “தோள்ல இல்லடி, மணிக்கட்டுல இருக்கு. உமி மட்டும் முன்னால வரணும், அரிசி பின்னால நிக்கணும். அந்த மாதிரி” என்று அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்துகாட்டியபோது என் பெண் வாயைப் பிளந்து பார்த்தாள். பாக்கெட் அரிசி வாங்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளை, புடைப்பதைப் பார்த்ததே இல்லை. இருந்த மூங்கில் முறம் ஒன்று, பிளாஸ்டிக் முறம் இரண்டு. மூங்கில் முறத்தில் பின்னலின் வரிகள் பந்தைப் பிடித்துக்கொள்ளும், ஏந்த சுலபம். பிளாஸ்டிக்கில் பந்து ஓடும், ஆனால் வீச்சு தூரம் போகும். எது யாருக்கு என்பதைச் சாட் பூட் த்ரீ போட்டு முடிவு செய்வார்கள். எவர்சில்வர் தாம்பாளத்தையும் ஒருமுறை கொண்டுவந்தார்கள். விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘பாத்திரம் கூடாது’ என்பதும் விதியானது.

பாட்டிதான் கூடை என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி, எழுந்து ஆட முடியாது. ஆனால் கூடையை அசைக்கலாம். யார் பின்தங்கி இருக்கிறார்களோ அவர்கள் பந்து வரும்போது கூடை ஒரு சாண் முன்னால் வரும். முன்னணியில் இருப்பவருக்குக் கூடை கல் மாதிரி நிற்கும். இதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அழுகுணி ஆட்டம் என்று பெரிய ரகளை. கடைசியில் அதையே விதியாக்கிவிட்டார்கள்: கூடை ஒரு பக்கமாக ஒரு சாண் நகரலாம், அதற்கு மேல் கூடாது, யாருக்காக என்பது பாட்டி இஷ்டம்.

சின்னவன் விஷயம்தான் எனக்கு முக்கியம். பெரியவளுக்குப் பத்து வயது, இவனுக்கு ஆறு. நம் தெரு விளையாட்டுகளில் இந்த வித்தியாசத்துக்கு ஒரு வழி இருந்தது. சின்னக் குழந்தையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அது ஓடும், சிரிக்கும், அவுட்டே ஆகாது. ஆனால் அதன் பாயின்ட் எந்தக் கணக்கிலும் சேராது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது போதும். ஆறு வயதுக்காரனுக்குத் தன்னை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை என்பது நன்றாகவே தெரியும், அது அவமானம். எங்கள் வீட்டில் அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு இது: ஒரு ஆட்டத்தில் தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு விதியைச் சேர்க்கலாம் அல்லது மாற்றலாம். ஒரே ஒரு விதிதான். எல்லாருக்கும் அது பொருந்த வேண்டும். தனக்கு மட்டும் இரண்டு பாயின்ட் என்று சொல்ல முடியாது.

இதன் பிறகு அவன் யோசிக்கிற விதமே மாறிவிட்டது. தோற்றதும் முன்பெல்லாம் காய் விட்டுவிட்டுப் போய் உட்காருவான். இப்போது தோற்றதும் கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிறான். “டைனிங் டேபிளுக்கு அடியில புகுந்து வந்து போட்டா ரெண்டு பாயின்ட்” என்பது அவன் கொண்டுவந்த விதி. எல்லாருக்கும் பொருந்தும். ஆனால் காலைத் தூக்காமல், முறத்தில் பந்தோடு, மேசைக்கு அடியில் புகுந்து வர அவன் உயரம்தான் தோது. பெரியவள் முனகினாள், ஒப்புக்கொண்டாள், அடுத்ததாகத் தான் தோற்றபோது மேசைக்கு அடியில் இரண்டு நாற்காலியை நகர்த்தி வழியைக் குறுக்கினாள். வீட்டுக்குள் ஆட ஒரு விளையாட்டை வாங்கித் தரட்டுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பெட்டியில் வருகிற விளையாட்டில் விதி ஏற்கெனவே அச்சடித்திருக்கும். பிள்ளைகள் சண்டை போட்டு, பேரம் பேசி, எது நியாயம் என்று தாங்களே முடிவு செய்கிற அந்த வேலை, ஆட்டத்தைவிடப் பெரிய வேலை, அதில் இருக்காது.

ஆடிப் பார்க்க நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். மழை நாளில் தரையில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்பசை இருக்கும், துணி ஒட்டும், நகராது. முதலில் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். டைல்ஸும் மொசைக்கும் சரியாக இருக்கும். சொரசொரப்பான கல் தரையில் துணி கிழியும். வெறுங்காலோடு துணிமேல் நிற்க வேண்டும். சாக்ஸ் போட்டுக்கொண்டு ஏறினால் துணிக்கும் காலுக்கும் நடுவிலேயே வழுக்கி விழுவார்கள். துணி பாதத்தைவிட ஒரு விரற்கடை பெரிதாக இருந்தால் போதும், அகலமானால் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தடுக்கும். டீப்பாயை வெளியே எடுத்துவிட்டு, கூர்மையான மூலைகளில் தலையணையைக் கட்டுங்கள். டிவிமேல் போர்வை. ஃபேனை நிறுத்தியாக வேண்டும், அதனால் நடுநடுவே தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். யாராவது ‘அம்பேல்’ சொன்னால் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும் என்பதில் மட்டும் எங்கள் வீட்டில் பேரமே கிடையாது. அந்த ஒரு விதி என்னுடையது.

இப்போது எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கும் தகராறு மாமாவை, அதாவது என் மாமனாரைப் பற்றியது. மாமா சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். படிப்பது போல இருப்பார். சின்னவனுக்கு எதிராகப் போகும் பந்து கிட்டே வந்தால், மடித்த பேப்பரால் ஒரு தட்டு. ஸ்பிரிங்ஃபீல்டில் ஆரம்பித்த ஆட்டத்திலும் இதே தொல்லை இருந்திருக்கிறது. மாடத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டார்கள். அதைத் தடுக்கத்தான் கூடைக்குப் பின்னால் பலகை வைத்தார்கள். இதை நான் சொன்னதும், தாத்தாவுக்கு முன்னால் ஒரு பலகை வைக்க வேண்டும் என்று என் பெண் இஸ்திரிப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கூடாது, தாத்தாவும் ஆட்டத்தில் ஒரு ஆள், பேப்பர்தான் அவருடைய முறம் என்று சின்னவன் ஒரு புது விதி கொண்டுவந்திருக்கிறான். தோற்றவன் கொண்டுவந்த விதி, எல்லாருக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். ஓட்டெடுப்பு நடந்தது. ஆளுக்கொரு ஓட்டு விழுந்து, நான் என் பெண் பக்கம், மாமா தன் பக்கம் என்று இரண்டுக்கு இரண்டில் நிற்கிறது. கூடைக்கு ஓட்டு உண்டா என்று அத்தை கேட்டிருக்கிறார்.